பக்குவம் வந்துவிட்ட பல் டாக்டர்

தனக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பல் டாக்டர் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது. இந்த விஷயத்தில் அவர் வேறு யாரையும் கலந்தாலோசிக்கவில்லை. பல் அசைத்ததும் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. வழக்கமாக அப்படி வந்தால் தன் கைராசியைத் தானே மெச்சிக்கொள்வார். அன்று மெச்சிக்கொள்ளவில்லை. 'பாத்தியா, நான் மெச்சிக்கவே இல்ல' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அகந்தை உதிர்ந்துவிட்டதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? பல்லைத் தட்டில் போடும்போதே அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆள் கெட்டவர் இல்லை. வேலையில் சுத்தம், ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. கட்டடத்தின் நாலாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, அவருடைய கிளினிக். நோயாளிகளுக்குக் குறைவில்லை. நாற்பதைத் தாண்டியதும் சிலர் தலைக்குச் சாயம் பூச ஆரம்பிப்பார்கள், சிலர் பெரிய பைக்காக வாங்கி முதுகை உடைத்துக்கொள்வார்கள். டாக்டர் புத்தகம் வாங்க ஆரம்பித்தார். எல்லாம் மறைபொருள், உள்ளொளி, ரகசிய வித்தை. வாங்கிய புத்தகங்களின் முதல் அத்தியாயங்களையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தார். இரண்டாம் அத்தியாயங்கள் கடையில் இருந்த மெருகு குலையாமல் இருந்தன.

தாடி வளர்த்தார். வேலை நேரம் முழுக்க அது முகக்கவசத்துக்குள் அடங்கிக் கிடந்ததால் நோயாளிகளுக்குப் பிரயோஜனப்படவில்லை. பேச்சில் இடைவெளி விடப் பழகினார். வீட்டில் "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டால் கண்ணை மூடி, எங்கேயோ போய்த் திரும்பி வந்து, "ம்ம்... ஆகட்டும்" என்பார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை பார்ப்பவர். நாள் பூரா அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு வீடு திரும்புகிற ஆளுக்கு இந்த இடைவெளியெல்லாம் தாங்காது.

"பசிச்சா பசிக்குதுன்னு சொல்லுங்க. கிணத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி பேசாதீங்க."

"உனக்குப் புரியாது. இப்பல்லாம் கண்ணை மூடினா புருவத்துக்கு நடுவுல ஒரு நீல வெளிச்சம் தெரியுது எனக்கு."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த லைட்டுக்கு அடியில ஊரார் வாயைப் பாத்துட்டிருந்தா வெளிச்சம் தெரியாம வேற என்ன தெரியும்? கண் டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஞானிகளுக்கு வீட்டில் மதிப்பு இருந்ததாக அவர் படித்த எந்த முதல் அத்தியாயத்திலும் இல்லை. ஆகையால் இதையும் ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்.

பழம் பழுத்தால் மட்டும் போதாது, பறிக்க ஒரு கை வேண்டுமே. பல் கட்ட வந்த ஒரு வக்கீல் மூலமாக அந்தக் கையும் தெரியவந்தது. மிகப் பழைய மறைவழி ஒன்று, ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்கு என்று எழுத்தில் இறங்காமலே வந்திருக்கிறதாம். அதை முறையாகக் கற்றவர் இதே ஊரில் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் ஒரு அம்மாள். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடுவார்கள். போர்டு இல்லை, படம் இல்லை, சந்தா இல்லை.

டாக்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சாம்பிராணி வாசனையும் அரையிருட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடும் சத்தம் இருந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்க விடைத்தாள்கள். கணக்கு மேடம் அவரைவிட வயதில் சின்னவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே, "உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும்" என்றார்.

டாக்டர் ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, தன் பயணத்தைச் சொன்னார். நீல வெளிச்சத்தைச் சொன்னார். பல்லைப் பிடுங்கியும் மெச்சிக்கொள்ளாததைச் சொன்னார். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நடுவில் இரண்டு விடைத்தாள்களுக்கு மார்க்கும் போட்டார்.

"ராத்திரி நல்லா தூங்கறீங்களா?"

"தூங்கறேன். ஆனா அது சாதாரணத் தூக்கம் மாதிரி இல்ல..."

"வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"வீடா? அதைப் பத்தி நான் அவ்வளவா யோசிக்கறதில்ல."

"அவங்க யோசிப்பாங்க இல்ல, உங்களைப் பத்தி?"

இதென்ன கேள்வி என்று டாக்டருக்கு இருந்தது. மந்திரம் கேட்பார், சக்கரம் கேட்பார், பிரபஞ்சத்தின் மூலாதாரத்தைப் பற்றிக் கேட்பார் என்று இரண்டு நாளாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரி மாதிரி வீட்டைப் பற்றி விசாரித்தால்?

"சரி, இதைப் படிச்சு, ஒண்ணுமே நடக்கலைன்னு வைங்க. வெளிச்சம் இல்ல, சத்தம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பல வருஷம். அப்பவும் வருவீங்களா?"

"நடக்கும் மேடம். எனக்கு நம்பிக்கை இருக்கு."

மேடம் பேனாவுக்கு மூடி போட்டார். "இப்ப வேண்டாம் டாக்டர். தப்பா நினைக்காதீங்க. இது ஒரு மாதிரி பூதக்கண்ணாடி. உள்ள என்ன இருக்கோ அதைப் பெருசாக்கும். நல்லதை மட்டும் பொறுக்கிப் பெருசாக்கத் தெரியாது. கொஞ்ச காலம் போகட்டும். அதுவரைக்கும் இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க, அவ்வளவுதான்."

வேறு யாராயிருந்தாலும் இதை 'போய்ட்டு வாங்க' என்று புரிந்துகொண்டிருப்பார்கள். டாக்டர் படி இறங்கும்போது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. யார்கிட்டயும் பேசாதே! ரகசியம் காக்கும்படி கட்டளை! தீட்சை என்பது இப்படித்தான், சாதாரணப் பேச்சு போல, கேட்பவன் தகுதியானவனா என்று சோதித்தபடி கொடுக்கப்படும் என்று ஏதோ ஒரு முதல் அத்தியாயத்தில் படித்த ஞாபகம். மறுத்ததே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். இந்தச் சூட்சுமம் எத்தனை பேருக்குப் பிடிபட்டிருக்கும்?

அன்றிலிருந்து ரகசியத்தைக் காக்க ஆரம்பித்தார். அவர் எதையோ காக்கிறார் என்பது ஒரே வாரத்தில் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"எங்க போயிட்டு வர்றேன்னு கேக்காத. எனக்குச் சொல்ல அனுமதி இல்ல" என்றார் மனைவியிடம்.

"நான் கேக்கலையே" என்றார் மனைவி, துவைத்த துணியை மடித்தபடி.

மச்சான் போன் செய்தபோது, "நான் இப்ப ஒரு விஷயத்துல இருக்கேன் மாப்ள, அது என்னன்னு மட்டும் கேட்றாத" என்றார். மச்சான் ஏதோ பொம்பளை விவகாரம் என்று நினைத்து அக்காவுக்குப் போன் போட்டு அழுதார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் மட்டும் நேராகவே கேட்டாள்: "அப்பா, சொல்லக் கூடாதுன்னா சொல்லாம இருக்கலாம்ல? எதுக்கு சொல்ல மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க?" குழந்தைக்கு என்ன தெரியும்.

வீட்டில் எடுபடாத சரக்கு கிளினிக்கில் எடுபட்டது. பல் டாக்டருக்கு அமைகிற மாதிரி சபை வேறு எவருக்கும் அமையாது. கேட்கிறவர் மல்லாக்கப் படுத்திருப்பார், வாய் திறந்திருக்கும், நாக்கு மரத்துப் போயிருக்கும், எழுந்து ஓட முடியாது. டாக்டர் பல்லைக் குடைந்தபடியே மெல்லிய குரலில் ஆரம்பிப்பார். "வலின்னு ஒண்ணு உண்மையில இல்ல. இருக்கறது சாட்சி மட்டும்தான். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது." படுத்திருப்பவர் "ஆ... ஆ..." என்பார். டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் பல காலமாக அங்கே வேலை பார்ப்பவர். "வலிக்குதாம் சார், இன்னொரு ஊசி போடுங்க" என்று மொழிபெயர்ப்பார்.

அப்படிப் படுத்தவர்களில் ஒருவர்தான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்.

அந்த வட்டாரத்துக் கட்டடங்களின் லிஃப்டுகளையெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்து, கயிறு சரியா, பிரேக் சரியா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. வாட்டசாட்டமான ஆள், அதிர்ந்து பேசமாட்டார். வேலையில் எதையும் நம்பாமல் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியிருந்ததாலோ என்னவோ, வேலைக்கு வெளியே யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார். அவர் அப்பா செத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அது டாக்டருக்குத் தெரியாது; கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல இன்ஸ்பெக்டரின் வாய் காலியாக இல்லை.

ரூட் கேனல். பல தடவை வர வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ, பல்லின் வேருக்குள் மெல்லிய கம்பியை விட்டு மேலும் கீழுமாக இழுத்தபடி டாக்டர் சொன்னார்: "மேல போறது, கீழ வர்றது எல்லாம் ஒரே பயணம்தான். ரெண்டுன்னு நினைக்கறவன் பெட்டிக்குள்ளயே இருக்கான்."

இன்ஸ்பெக்டரின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சிஸ்டர் ஊசியை எடுக்கப் போனார். வேண்டாம் என்று கையை ஆட்டினார் இன்ஸ்பெக்டர்.

வாய் கொப்பளித்ததும் அவர் எழுந்து நின்று, மரத்துப் போன உதட்டோடு கேட்டார்: "சார், அது எனக்காகச் சொன்னீங்களா?"

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதே டாக்டருக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் கண்ணை மூடி, எங்கேயோ போய்த் திரும்பி வந்து, "யாருக்குப் போய்ச் சேரணுமோ அவங்களுக்குப் போய்ச் சேரும்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து பல் வலி இல்லாமலே இன்ஸ்பெக்டர் வர ஆரம்பித்தார். காத்திருக்கும் அறையில், பழைய பத்திரிகைகளுக்குப் பக்கத்தில், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நோயாளிகள் போன பிறகு டாக்டர் வெளியே வந்தால் எழுந்து நிற்பார். இத்தனை வருஷத்தில் டாக்டரைப் பார்த்து அப்படி எவரும் எழுந்து நின்றதில்லை. பல் டாக்டரைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் ஒடுங்கித்தான் உட்காருவார்கள்.

"வீட்டுல நான் என்ன செய்யணும் சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

தினம் இரண்டு வேளை பல் தேய்க்கச் சொல்லியிருக்கலாம். அவருடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருத்தமான அறிவுரை அது. டாக்டர் தாடியைத் தடவியபடி, "பேச்சைக் குறை. தூக்கத்தைக் குறை. எது உன்னைக் கட்டி வெச்சிருக்கோ அதை விடு" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவருக்கு 'நீ' தானாக வந்துவிட்டது.

இதைச் சொன்னவர் அன்றைக்கு மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். மனைவி முழங்கையால் இடித்தும் குறட்டை நிற்கவில்லை. கேட்டவர் அப்படியில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்து பழகிய ஆள். பேச்சை நிறுத்தினார். இருப்பதைக் குறைப்பானேன், விட்டே விடலாம் என்று தூக்கத்தை விட்டார். தன்னைக் கட்டி வைத்திருப்பது எது என்று யோசித்து, முதலில் வேலையை விட்டார். பிறகு வீட்டை.

வேலையை விட்டது முதலில் வெளியே தெரிந்தது லிஃப்டுகளால். சான்றிதழ் காலாவதியான லிஃப்டை ஓட்டக்கூடாது என்று சட்டம். பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஒவ்வொரு கட்டடமாக லிஃப்ட் நின்றது. டாக்டரின் கட்டடத்திலும் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். முழங்கால் தேய்ந்த நோயாளிகள் இரண்டாவது மாடி வரை வந்து, பல் இருந்தால் என்ன போனால் என்ன என்று திரும்பிப் போனார்கள். மூச்சிரைக்க மேலே வந்த டாக்டர், "பொறுப்பத்த பசங்க, ஒரு இன்ஸ்பெக்டரைக்கூட ஒழுங்கா அனுப்ப மாட்டேங்கறாங்க" என்று சிஸ்டரிடம் திட்டினார்.

சிஸ்டர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். "இன்ஸ்பெக்டர்தான் இங்க வந்து உக்காந்திருந்தாரே சார். இப்ப சில நாளா காணோம்" என்றார். டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், காத்திருக்கும் அறை நிறைந்திருந்த ஒரு காலை வேளையில், இன்ஸ்பெக்டரின் மனைவி வந்தார். பஸ் ஓட்டுகிறவர். சீருடையோடு, நாலு மாடி ஏறி வந்த மூச்சோடு, உள் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக நாற்காலிப் பக்கம் வந்து நின்றார். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

"நீங்கதான் அந்தக் குருவா?"

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். தாடி வெளியே வந்தது.

"நான் பல் டாக்டர்."

"அது வெளிய போர்டுல போட்டிருக்கு. நான் கேக்கறது வேற. என் வீட்டுக்காரர் ஒரு மாசமா என்கிட்ட பேசலை. ராத்திரி பூரா சுவரைப் பாத்து உக்காந்திருக்கார். ஏன்னு எழுதிக் காட்டச் சொன்னா, 'டாக்டர் சொன்னார்'னு எழுதறார். ரெண்டு நாளா ஆளையே காணோம். போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எங்க அவர்?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. நான் சும்மா பொதுவாத்தான்..."

"மேல மோட்டார் ரூம்ல ரெண்டு நாளா லைட் எரியுது" என்றார் சிஸ்டர். "லிஃப்டே ஓடலையே, எதுக்கு லைட்னு நினைச்சேன்."

நாற்காலியில் கிடந்தவரை அப்படியே விட்டுவிட்டு மூவரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறை. சாவி இன்ஸ்பெக்டரிடம் எப்போதும் இருக்கும். உள்ளே, நின்றுபோன பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில், கிரீஸ் கறை படிந்த தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கண்கள் இரத்தச் சிவப்பு. உதடு வெடித்திருந்தது. டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், "குருவே" என்றார்.

அந்த நிலைமையிலும் அந்தச் சொல் காதுக்கு இனித்தது. எங்கேயோ உள்ளே ஒரு மூலையில், ஒரே ஒரு கணம். ஆனால் இனித்தது. இதை அவர் பிறகு தன் மனைவியிடம் சொன்னபோதுதான் குரல் உடைந்தது.

பஸ் ஓட்டும் அம்மாள் புருஷன் பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தார். அவர் குடிக்கவில்லை. டாக்டரைப் பார்த்தார், அனுமதிக்காக.

"குடிங்க! குடிச்சிடுங்க!" என்று பதறினார் டாக்டர். உடனே குடித்தார். அதைப் பார்த்த அம்மாளின் முகம் போன போக்கை டாக்டரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெறும் மனுஷன். வீட்டுக்குப் போங்க."

இன்ஸ்பெக்டர் புன்னகை செய்தார். எல்லாம் தெரிந்தவர்கள்தான் தெரியாது என்பார்கள். இதுகூடவா அவருக்குத் தெரியாது? கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மாளையும் சிஸ்டரையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கணக்கு மேடத்தைத் தேடிக் கல்லூரிக்கு ஓடினார். ஆசிரியர் அறையில் மேடம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் டாக்டர் மென்று விழுங்கிச் சொன்னார். மேடம் டப்பாவை மூடினார்.

"தூங்கி எத்தனை நாளாகுதாம்?"

"தெரியலை. ரொம்ப நாளாச்சு போல."

"அப்ப முதல்ல ஆஸ்பத்திரி. அவருக்கு வேண்டியது டாக்டர். நீங்க இல்ல, நிஜ டாக்டர். இது ஞானமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கம் இல்லாம மூளை களைச்சுப் போயிருக்கு."

"வர மாட்டேங்கறார் மேடம். நான் சொன்னா வருவார், ஆனா நான் சொல்றதுனாலதான் வர்றார்ங்கற நிலைமையிலயே அவரை வெச்சிருக்கறது..." டாக்டருக்கே அந்த வாக்கியம் ஆச்சரியமாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப் பாத்தேன். கும்பிடறார்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படிச் சொன்னீங்க? கண்ணை மூடிக்கிட்டு, மெதுவா சொன்னீங்களா?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"தெரியாதுங்கறதை அழகா சொல்லியிருக்கீங்க. அசிங்கமா சொல்லுங்க" என்றார் மேடம். "போங்க. நீங்க ஏத்தினது, நீங்கதான் இறக்கணும். நான் வந்தா அவருக்கு இன்னொரு குரு கிடைச்ச மாதிரி ஆயிடும்."

வழியெல்லாம் டாக்டர் ஒத்திகை பார்த்தார். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அதில் ஒரு அழகு ஒட்டிக்கொண்டு வந்தது. 'நான் ஒரு அறியாதவன்' என்றாலும் அழகு. 'என்னை மன்னித்துவிடு' என்றால் அதைவிட அழகு. இத்தனை மாதம் பாடுபட்டுச் சேர்த்த அழகு, லேசில் விடுமா?

மோட்டார் அறைக்குள் நுழைந்து, இன்ஸ்பெக்டருக்கு எதிரே கிரீஸ் தரையிலேயே சப்பணம் கொட்டி உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டு பாழானது. மூச்சை இழுத்துக்கொண்டு, வேகமாக, வீட்டில் சண்டை போடும்போது பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"இங்க பாருய்யா. மேல போறது கீழ வர்றதுன்னு ஒண்ணு சொன்னேன் இல்ல? அது ஒரு புத்தகத்தோட பின் அட்டையில போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தை நான் படிக்கலை. பின் அட்டைதான் படிச்சேன். நீங்க லிஃப்ட் வேலை பாக்கறீங்கன்னு எனக்கு அப்ப தெரியவே தெரியாது. தூக்கத்தைக் குறைன்னு சொன்னேன். அன்னைக்கு நான் குறட்டை விட்டுத் தூங்கினேன், என் பொண்டாட்டியைக் கேளுங்க. ஒரு மேடத்துக்கிட்ட இதெல்லாம் கத்துக்கப் போனேன். நீ லாயக்கில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதை வெளிய சொல்ல வெக்கமா இருந்தது, அதான் ரகசியம் ரகசியம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க வாயைத் திறந்துட்டு பதில் பேச முடியாம கேட்டீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. லிஃப்டின் கயிற்றை ஆராய்கிற கண் எப்படி இருக்கும் என்று டாக்டர் அப்போதுதான் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை, நிதானமாக, எங்கே பிரிந்திருக்கிறது என்று தேடுகிற கண்.

"பின் அட்டையா?"

"பின் அட்டை."

"அப்ப..." இன்ஸ்பெக்டர் கன்னத்தில் கை வைத்தார். குரல் கரகரத்தது. "அப்ப என் பல்லுக்குப் பண்ணினது? அதுவும் பின் அட்டைதானா?"

பஸ் ஓட்டும் அம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பு என்றுதான் ஆரம்பித்தது. பாதியில் அழுகையாகி, புருஷன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இன்ஸ்பெக்டர் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாகத் தானாக, "அப்பா இருந்தா என்னை அடிச்சிருப்பார்" என்றார். அதற்கப்புறம் அவரும் அழுதார். டாக்டர் பக்கம் திரும்பி, "வெளிய போய்யா" என்று சொன்னதும் டாக்டர் எழுந்து வெளியே போனார். சொன்னபடி செய்தார்.

இன்ஸ்பெக்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தார்கள். விழித்துச் சாப்பிட்டு மறுபடி தூங்கினார். அப்பா போனதை யாரிடமும் பேசாமல் அடக்கி வைத்திருந்தார் என்பதை அங்கிருந்த டாக்டர், நிஜ டாக்டர், உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சில வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். ஒவ்வொரு கட்டடமாக லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. பல்லை வேறொரு டாக்டரிடம் காட்டிப் படம் எடுத்துப் பார்த்தாராம். வேலை பழுதில்லை என்று அவர் சொன்னாராம். இது சிஸ்டர் கொண்டுவந்த சேதி.

நாற்காலியில் வாய் பிளந்தபடி விடப்பட்ட நோயாளி சும்மா இருப்பாரா? கதை கட்டடம் முழுக்கப் பரவியது. மோட்டார் அறையில் டாக்டர் போட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டிருந்ததால் 'பின் அட்டை டாக்டர்' என்று பேர் வந்தது. சிலர் வருவதை நிறுத்தினார்கள். சிலர் அந்த மூஞ்சியைப் பார்க்கவென்றே சொத்தையில்லாத பல்லைக் காட்ட வந்தார்கள்.

மனைவியிடம் எல்லாவற்றையும், அந்த இனிப்பு உட்பட, சொன்னார். அவர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று கேட்டார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு டாக்டர் மறுபடி கணக்கு மேடத்தின் வீட்டுப் படியேறினார். தாடி எடுத்திருந்தார். சட்டை சாதாரணச் சட்டை. இன்ஸ்பெக்டர் தேறிவிட்டதைச் சொன்னார். அசிங்கமாகச் சொன்னதைச் சொன்னார். ஊரே சிரிப்பதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"நல்லது" என்றார் மேடம். "ரெண்டு மூணு வருஷம் போகட்டும். அப்பவும் தோணிச்சுன்னா வாங்க."

டாக்டருக்குச் சுரீரென்றது. "இன்னுமா? இவ்வளவு பட்ட பிறகுமா?"

"ஏன், அவமானப்பட்டதை ஒரு தகுதின்னு நினைச்சுட்டீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தார். படியேறும்போதே அதைச் சான்றிதழ் மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏறினார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, வராமல், "ஆமா" என்றார்.

மேடம் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு டாக்டர் கிளம்பினார். வீடு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஒரு வாரம் முழுக்கக் கோபமாகவே இருந்தார். யார்மேல் என்று இல்லை, சட்டினி அரைக்கிற மிக்ஸிமேல்கூட. அந்தக் கோபத்துக்கு அவர் எந்தப் பெரிய பேரும் வைக்கவில்லை. "எதுக்கு இப்படி சிடுசிடுங்கறீங்க?" என்று மனைவி கேட்டபோது, "அந்தம்மா என்னைச் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இடைவெளி விடாமல், உடனே பதில் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கிளினிக் மூடுகிற சமயத்தில் பஸ் ஓட்டும் அம்மாள் வந்தார். சீருடை நனைந்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"டிப்போவுக்குப் பக்கத்துல இது ஒண்ணுதான் திறந்திருக்கு" என்றார், தன் குற்றமில்லை என்பது போல. "அவருக்குத் தெரியாது, வந்தது. பல்லை மட்டும் பாருங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

டாக்டர் தலையாட்டினார். சிஸ்டர் லைட்டைப் போட்டார். அம்மாள் சாய்ந்து, நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பார்த்தார். பின்பல் ஆழமாக அரித்திருந்தது; அடியில் சீழ். ஊசியை எடுத்ததும் அம்மாளின் கண் விரிந்தது. நாள் பூரா பஸ்ஸை நெரிசலில் ஓட்டுகிறவர், அந்தச் சின்ன ஊசிக்குக் குழந்தை மாதிரி பயந்தார்.

"வலிக்குமா?" என்றார், பேசக் கூடாது என்று தான் சொன்னதை மறந்து.

எத்தனையோ பதில்கள் டாக்டரின் நாக்கு நுனிவரை வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"வலிக்கும்" என்றார். "கொஞ்ச நேரம்."